இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்

அத்தியாயம் 6

குடமுருட்டிப் பாலத்தின் மேல் எங்கள் ஜாவா மோட்டார் சைக்கிள் மூன்றாவது முறையாக நின்றது. பின்சீட்டில் இருந்த லியாகத் அலி பாய் இறங்காமலே சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார்.

"வண்டிக்கும் கொஞ்சம் குடுங்க பாய். அதுவும் காலையிலேருந்து பட்டினி" என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் அவர் சிரித்து நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் எதிரில் இருந்தவர் ஜெயிலுக்குப் போனார். நான் நடராசன், அவருடைய உதவியாளன். அதாவது வண்டி ஓட்டுவது, அவர் சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் இன்சுலின் ஊசியைக் கொதிக்க வைப்பது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவது வேலைக்கு நான் லாயக்கில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

அன்று திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கே விண்ணரசி டீச்சர் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். புதுக்குடி மிராசுதார் இருதயசாமியின் ஒரே மகள், நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூட வேலை. அவர் அழுதுகொண்டே சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். பெரிய மனிதர்கள் வீட்டுக் கதையைச் சுருக்கினால்தான் அதில் எவ்வளவு அழுக்கு என்று தெரியும்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது இருதயசாமி நடுங்கிப்போய்த் தன் நிலத்தைப் பதினோரு பேர் பேரில் பிரித்து எழுதிவைத்தார். மேடையில் ஆளுங்கட்சித் தலைவருக்கு மாலை போட்டுவிட்டு அந்தக் கையோடு ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனவர் அவர். தொழுவத்து மாடுகள் பேரில் மட்டும் எழுதவில்லை. அதுகளுக்குக் கைநாட்டு வைக்கத் தெரியாது என்பதுதான் காரணமாக இருக்கும். அப்படி எழுதியதில் ஆற்றோரத்து ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம், அக்காள் மகன் அருளப்பன் பேருக்குப் போனது. பேர்தான் அவனுடையது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒன்பது மாவை உழுது, நட்டு, அறுத்து, மிராசுதாருக்குக் குத்தகை நெல் அளந்தவன் வீரையன். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. மிராசுதார் கொடுத்ததில்லை, அவன் கேட்கத் துணிந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் அருளப்பன் கும்பகோணத்து ஆள் ஒருவனைக் கூட்டிவந்து அந்த வரப்பில் நிறுத்தி விலை பேசியிருக்கிறான். கிழவருக்கு எரிந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கும்போதே என் நிலத்தை விற்கிறானா என்று குதித்தவர், வீரையனைக் கூப்பிட்டுக் குத்தகைப் பதிவுக்கு மனுப் போடச் சொன்னார். விசாரணையன்று நானே வந்து நீதான் குத்தகைதாரன் என்று வாக்குமூலம் கொடுக்கிறேன் என்றார். ஏழை மேல் இரக்கம் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அக்காள் மகன் மேல் ஆத்திரம், அவ்வளவுதான். ஆனால் பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் வீரையனை அவ்வளவு லேசில் யாரும் கிளப்ப முடியாது. குத்தகைக்காரன் உட்கார்ந்திருக்கிற நிலத்தைக் கும்பகோணத்தானும் வாங்கமாட்டான்.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை கிழவர் நினைவு தப்பி விழுந்தார். சர்க்கரை வியாதிக்காரருக்கு வெல்லத்தைத் திணித்துக் கொல்லப் பார்த்ததாக அன்றைக்கே வீரையனை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரியே மாமா மனசு மாறிவிட்டார், வாக்குமூலம் கொடுக்கப் போவதில்லை என்றார், அந்தக் கோபத்தில்தான் வீரையன் செய்தான் என்று அருளப்பன் போலீஸிடம் சொல்லியிருந்தான். கிழவர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத இடத்தை எல்லாம் பக்கத்திலிருந்த அருளப்பன் நிரப்பிவிட்டான். 'அந்த நன்றிகெட்ட பயலா' என்று கிழவரும் நம்பிவிட்டார்.

நாங்கள் புதுக்குடி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. டீச்சர் பஸ்ஸில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். கிழவரை அன்று மதியம்தான் காரில் கூட்டிவந்து உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள்.

கூடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். சிவப்புச் சிமெண்ட் தரையில் சாய்வு நாற்காலி, அதன் இடது பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். வலது பக்கம் தரையில் வெல்லக் கறை. அதற்கும் ஒரு வட்டம். மார்கழியில் வாசலில் கோலம் போடுகிறவர்கள்கூட இவ்வளவு அக்கறையாகப் போடமாட்டார்கள். கோட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது தன் வேலையில்லை என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பாய் டீச்சரிடம் ஞாயிற்றுக்கிழமைக் காலையை மணிக்கணக்காகக் கேட்டார். தினமும் ஆறு மணிக்கு அருளப்பன்தான் மாமாவுக்கு இன்சுலின் ஊசி போடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறரைக்குப் பூசை, ஏழரைக்கு வீடு, உடனே இட்லி. நற்கருணை வாங்கும் வரைக்கும் கிழவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. முந்தின நாள் நடுராத்திரியிலிருந்தே ஒருசந்தி.

"ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும்னு சட்டம் மாறி பத்து வருஷம் ஆச்சுன்னு சாமியாரே சொல்லிப் பாத்துட்டாரு" என்றார் டீச்சர். "அப்பா கேக்கமாட்டாரு. பழைய கோயில் சட்டம்தான் அவருக்குச் சட்டம்."

நாட்டுச் சட்டத்தைப் பதினோரு பேர் பேரில் ஏமாற்றியவர் கோயில் சட்டத்தில் மட்டும் இவ்வளவு கறார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன், பாய் முறைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சருடைய அம்மாவின் நினைவு நாள். அதனால் தனிப் பூசையாக இருக்கட்டும் என்று அருளப்பன் சாமியாரிடம் பேசி ஒன்பது மணிக்கு வைத்திருந்தான். பூசையை ஒன்பதுக்குத் தள்ளியவன் ஊசியை மட்டும் வழக்கம்போல் ஆறு மணிக்கே போட்டுவிட்டான். வீடு திரும்பும்போது மணி பத்து. கிழவருக்குக் கை நடுங்கியது. ஜிப்பா வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தவருக்கு அருளப்பன் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தான்.

"அப்பா அதை மடக்மடக்குன்னு குடிச்சாரு" என்றார் டீச்சர். "நல்லா தித்திப்பா இருக்கு, இன்னொரு டம்ளர் கொண்டான்னாரு. ரெண்டாவதுல முக்கால்வாசி குடிச்சிருப்பாரு. டம்ளரை விட்டுட்டு அப்படியே சரிஞ்சிட்டாரு."

அலறல் கேட்டு வீரையன் ஓடிவந்தான். செவ்வாய்க்கிழமை வண்டி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று கேட்கக் கொல்லையில் காத்திருந்தவன் அவன். இருபத்திரண்டு வருஷத்தில் கொல்லையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் கால் வைக்காதவன், அன்றைக்கு நேராக அடுப்படிக்குள் நுழைந்து ஒரு அச்சு வெல்லத்தைத் தட்டிக் குழைத்து, கிழவர் வாய்க்குள் கன்னத்தோடு சேர்த்துத் தடவினான். பார்த்துக்கொண்டிருந்த அருளப்பன் அவனை இழுத்துப்போட்டு உதைத்தான்.

டீச்சர் சொல்லி முடித்தபோதுதான் அருளப்பன் உள்ளறையிலிருந்து வந்தான். வெள்ளை வேட்டி, கையில் ஜெபமாலை, முகத்தில் மாமாவுக்காக விடிய விடிய விழித்த களைப்பு. மூன்றும் நன்றாக வெளுக்கப்பட்டிருந்தன.

"நீங்க குடுத்த சர்க்கரை மருந்து, அவன் குடுத்த வெல்லம் விஷம். எப்புடிங்க அது?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்காமல் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பதில் சொன்னான். கை நடுங்கினால் ரெண்டு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை கொடுக்கச் சொல்லி டாக்டரே எழுதியிருக்கிறார். அளந்து கொடுத்தேன். மாமாவுக்குத் தெளிந்துகொண்டே வந்தது. அதன்மேல் இவன் கட்டி வெல்லத்தைத் திணித்ததால்தான் ஏறிப்போய் மயக்கமாகிவிட்டார் என்றான். வெல்லம் சூடு என்று சப்-இன்ஸ்பெக்டரும் தலையை ஆட்டினார்.

பாய்க்கு அதுதான் பொறுக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை வந்த புதிதில் நடந்ததை நான் அறிவேன். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் சாப்பிடு என்றார் ஒருவர். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்றார் இன்னொருவர். தேன் மருந்து என்றார் மூன்றாமவர். பாய் ஒரு மாதம் தினம் ஒன்றாகத் தின்று பார்த்தார். தின்ற இரண்டு மணி நேரத்தில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, நீல மருந்தோடு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். விளக்கைப் பிடித்தது நான். சர்க்கரை ஏறியிருந்தால் நீலம் செங்கல் சிவப்பாகும். வெள்ளைச் சர்க்கரைக்குச் செங்கல் சிவப்பு. வெல்லத்துக்குச் செங்கல் சிவப்பு. கருப்பட்டியும் தேனும் அப்படியே. மூன்று தட்டு சோறு தின்ற அன்றைக்கும் செங்கல்தான். அந்த மாதம் எங்கள் மாடியில் ஒரு சூளையே வைத்திருக்கலாம்.

"நிறம்தான் சார் வேற" என்றார் பாய். "உள்ள போனா எல்லாம் ஒரே ஜாதி. குளுக்கோஸ் ரத்தத்துல சீக்கிரம் ஏறும், சர்க்கரையும் வெல்லமும் கொஞ்சம் பின்னாடி வரும். அவ்வளவுதான் வித்தியாசம். இவரு குடுத்தது மருந்துன்னா வீரையன் குடுத்ததும் மருந்து."

சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தன் நோட்டில் எழுதலாமா என்று யோசித்தார். பாய் விடவில்லை. சர்க்கரை ஏறி விழுகிறவன் பத்து நிமிஷத்தில் விழமாட்டான், நாலு நாள் தாகத்தில் தவித்து நாக்கு வறண்டு விழுவான் என்றார். குளிர்ந்துபோய், வேர்த்து, நடுங்கி விழுகிறவனுக்கு ரத்தத்தில் சர்க்கரையே இல்லை. ஆறு மணிக்கு ஊசி, பத்து மணி வரை பட்டினி. பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"எனக்கு ஒரே சந்தேகம்தான். இறங்கிப்போன ஆளு ரெண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடிச்சா எந்திரிச்சு உக்காரணும். இவரு ஏன் விழுந்தாரு?"

பாய் குனிந்து தரையைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன். நிலைப்படி இடுக்கிலிருந்து ஒரு எறும்புச் சாரை கிளம்பி, டம்ளரின் வட்டத்தை உரசிக்கொண்டே போய், நாற்காலிக்கு அடியில் புகுந்து, வெல்லக் கறையில் மொய்த்திருந்தது. வெல்லக் கறையைச் சுற்றியிருந்த சாக்பீஸ் கோடு எறும்புகளின் காலில் மிதிபட்டுப் பாதி அழிந்திருந்தது. டம்ளரின் அடியில் இன்னும் இரண்டு சொட்டுத் தண்ணீர் பாக்கி. அதில் ஒரு எறும்பு இல்லை. சிந்திக் காய்ந்த இடத்திலும் இல்லை.

"சாக்பீஸ் கோட்டை எறும்பு தாண்டாது" என்றான் அருளப்பன். யாரும் கேட்காமலே சொன்னான்.

"அந்தப் பக்கம் தாண்டியிருக்குதுங்களே. வெல்லக் கோட்டுக்கு மட்டும் பாஸ் வச்சிருக்கா?" என்றேன்.

பாய் டீச்சரை அடுப்படியிலிருந்து சர்க்கரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சிட்டிகை வெள்ளைச் சர்க்கரையை எடுத்து டம்ளரின் வட்டத்துக்குள்ளேயே வைத்தார். ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சாரையிலிருந்து நாலைந்து திரும்பின, கோட்டின்மேல் ஏறின, சர்க்கரையைத் தூக்கிக்கொண்டு இறங்கின. பக்கத்தில் ஒரு விரல்கடை தூரத்தில் கிடந்த டம்ளரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு பாய் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி சமயத்தில் அவர் ஏன் என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், என் உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பு. டம்ளரின் அடியிலிருந்த ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். தித்தித்தது. கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி தித்தித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் லேசாக ஒரு கசப்பு நின்றது.

"சோடா கடைக் கலர் மாதிரி இருக்கு பாய்" என்றேன்.

"சாக்ரின்" என்றார் பாய். "நாக்குக்கு இனிப்பு, ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி. எறும்புக்குத் தெரிஞ்சது ஊருக்குத் தெரியல."

டீச்சர் அடுப்படிக்குப் போய் இன்னொரு டப்பாவை எடுத்துவந்தார். அப்பாவின் காபிக்காக வைத்திருக்கிற சாக்ரின் தூள் இதுதான், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்றார். அருளப்பன் முகம் ஒரு நொடி செத்தது. அடுத்த நொடி அவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். பதட்டத்தில் டப்பா மாறிவிட்டது, மாமாவுக்கு நானே எமனாகப் பார்த்தேனே, ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று புலம்பினான். ஜெபமாலையும் அவனோடு சேர்ந்து ஆடியது.

சப்-இன்ஸ்பெக்டருக்கு நிம்மதியாகிவிட்டது. கைதவறின கேஸ் என்று சொல்லி நோட்டை மூடினார். வீரையனை நாலு நாளில் ஜாமீனில் விடலாம் என்றார். நாலு நாளில் தாலுகா ஆபீஸ் விசாரணை முடிந்துபோயிருக்கும், கும்பகோணத்தான் வரப்புக்கு வந்திருப்பான். சட்டம் தெரிந்த ஒருத்தன் நாக்கைப் புரட்டுவதற்குள் சட்டம் தெரியாத ஒருத்தனின் இருபத்திரண்டு வருஷம் போகப் பார்த்தது.

அப்போது பாய் சிரித்தார். மூன்றாவது தடவை.

"கை தவறுறது சகஜம்தான் தம்பி" என்றார். "அன்னைக்கு எப்புடிக் கலந்தீங்களோ அப்புடியே இப்பக் கலந்து காட்டுங்க. பாத்துட்டு நாங்க கிளம்பிடறோம்."

அருளப்பன் எழுந்தான். எங்கள் எதிரிலேயே அந்தச் சாக்ரின் டப்பாவைத் திறந்து, சர்க்கரை என்று நினைத்துப் போட்டதாகச் சொன்னபடி இரண்டு ஸ்பூன் தூளை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். பாய் அந்த டம்ளரை வாங்கிச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"விஷமில்ல சார். ஒரு வாய் குடிங்க. தித்திப்பா இருக்கான்னு சொல்லுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வாய் குடித்தார். குடித்த வேகத்தில் முற்றத்துக்கு ஓடிப்போய்த் துப்பினார். வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டு சொம்பு தண்ணீர் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

"சாக்ரினைக் குண்டூசித் தலை அளவு போட்டாதான் இனிப்பு" என்றார் பாய். "ஸ்பூன் கணக்குல போட்டா எட்டிக்காய். டப்பா மாறினவன் சர்க்கரைன்னு நெனச்சு ரெண்டு ஸ்பூன் போட்டிருப்பான், பெரியவரு முதல் வாயிலேயே துப்பியிருப்பாரு. அவரு நல்லா தித்திப்பா இருக்குன்னு இன்னொரு டம்ளர் கேட்டிருக்காரு. அளவு பிசகாமப் போட்டிருக்கீங்க தம்பி. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

அருளப்பன் டீச்சரைப் பார்த்தான். தித்திப்பு என்று கிழவர் சொன்னதைக் காதால் கேட்ட ஒரே சாட்சி அவர்தான். டீச்சர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கேட்டேன், எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன் என்றார். சப்-இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தோளைப் பிடித்தார். அவ்வளவு அழுத்திப் பிடித்ததற்குச் சட்டத்தைவிட அந்தக் கசப்புதான் காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளறை வாசலில் இருதயசாமி நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. கதவைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பாய் போய் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, வேர்வை இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீரையனைக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. கூடத்துக்குள் வரச் சொல்லியும் முற்றத்தோடு நின்றுகொண்டான். காகிதத்தை முடிக்க வேண்டுமே என்று சப்-இன்ஸ்பெக்டர் அவனிடம், சர்க்கரை இறங்கினால் வெல்லம் கொடுக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க" என்றான் வீரையன். "ஐயாவைத் தொட்டேன், சில்லுனு வேர்த்துக் கிடந்தாரு. சேத்துல உழுவுற மாடு இப்புடித்தான் துவண்டு விழும். வெல்லத்தைக் கொழச்சு கன்னத்துக் கொடுப்புல தடவினா எந்திரிச்சுக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

தொழுவத்து மாட்டுக்கும் வீரையனுக்கும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடம் காட்டிய மனிதர், அந்த மாட்டு வைத்தியத்தில் பிழைத்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது புரிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இதுவரை அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே நல்ல விஷயம் அதுதான்.

"வீரையா" என்றார். "உள்ள வா. வந்து உக்காரு."

வீரையன் நகரவில்லை.

"இருக்கட்டுங்க ஐயா. நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல கையெழுத்துப் போடுங்க. அப்புறம் உக்காருறேன்."

பொழுது விடிந்ததும் மாட்டுவண்டி பூட்டவில்லை, டீச்சர் ஒரு வாடகைக் கார் பிடித்தார். கிழவர் புறப்படுவதற்கு முன் நாலு இட்லி சாப்பிட்டதைப் பாய் பக்கத்தில் நின்று எண்ணினார். பதினொன்றே காலுக்கு வாக்குமூலம் எழுதி, படித்துக் காட்டி, இருதயசாமி கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா பதிவேட்டில் ஒன்பது மாவுக்கு நேரே வீரையன் பேரை எழுதி, மை உறிஞ்சும் காகிதத்தால் ஒற்றி எடுத்தார்.

வீரையன் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தான். பிறகு வராந்தாவுக்கு வந்து அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பின்னால் வந்த மிராசுதார் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள், மிச்சமிருந்த ஒரு ஆள் இடம் வீரையனுக்குப் போய்விட்டது.